வாய்க்காலைப் பார்க்காமல் பயிரைத் திட்டினேன்

இலஞ்சியில் சாரல் தொடங்கிவிட்டது. வயல் பக்கம் நடந்தால் அப்பா சொன்னது ஞாபகம் வரும்: "கடைமடைப் பயிர் வாடினா பயிரைத் திட்டாதே, வாய்க்காலைப் போய்ப் பாரு." இதை மறந்து ஒருமுறை நான் தலைகுனிந்த கதை இது.

சாதாரண சிப்பின் சுற்றை, அது ஆலையை விட்டு வந்தபின் மாற்ற முடியாது. தேவைக்கேற்பச் சுற்றை மாற்றிக்கொள்ளும் கணினியை 1960-லேயே அமெரிக்காவின் ஜெரால்டு எஸ்ட்ரின் முன்மொழிந்தார். 1984-ல் ராஸ் ஃப்ரீமனும் நண்பர்களும் சைலிங்ஸ் நிறுவனத்தைத் தொடங்கி, மறு ஆண்டே எக்ஸ்சி2064 என்ற எஃப்பிஜிஏ சிப்பைக் கொண்டுவந்தார்கள். அதில் இருந்தவை வெறும் 64 தர்க்கக் கட்டங்கள். இன்று ஒரு சுற்றை ஏற்றலாம், நாளை அழித்து வேறொன்றை ஏற்றலாம்.

ஆனால் ஏற்றிய சுற்று எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று எப்படி அறிவது? 1993-ல் வந்த பென்டியம் சிப்பிலேயே அதற்கான எண்ணிகள் இருந்தன. எஃப்பிஜிஏ-வில் நம் சுற்றுக்கு வேண்டிய எண்ணியையும் பெரும்பாலும் நாமேதான் கட்ட வேண்டும். அதுவும் அதே சிப்பில் இடம் பிடிக்கும். கவனமில்லாமல் வைத்தால் சுற்றின் வேகத்தையே குறைத்துவிடும். அதனால் பலர் எண்ணி வைக்காமலே ஊகிப்பார்கள். நானும் ஊகித்தேன்.

நான் வேலையில் இருந்தபோது, படங்களைச் சீராக்கும் ஒரு பலகை மந்தமாக ஓடியது. ஓர் இளம்பெண் வடிவமைத்த சுற்றுதான் காரணம் என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டேன். அவர் பதில் பேசவில்லை. இரண்டு எண்ணிகளைச் சேர்த்தார். சுற்று வேலை செய்யும் துடிப்புகளை ஒன்று எண்ணியது; தரவுக்காகக் காத்திருக்கும் துடிப்புகளை மற்றொன்று எண்ணியது. காத்திருந்த நேரமே அதிகம். தரவு வரும் பாதையை வடிவமைத்தவன் நான்!

சென்னை ஐஐடியில் பேராசிரியர் காமகோடி குழுவினர் உருவாக்கிய சக்தி ப்ராசஸர், 2018-ல் சிப்பாக வெளிவந்தது. அதை எஃப்பிஜிஏ பலகையிலும் ஏற்றி ஓட்டலாம். அது பின்பற்றும் ரிஸ்க்-ஃபைவ் முறையில், கடிகாரத் துடிப்புகளையும் முடிந்த கட்டளைகளையும் எண்ணும் எண்ணிகள் வரையறுக்கப்பட்டுள்ளன. முன்னதைப் பின்னதால் வகுத்தால், ஒரு கட்டளைக்குச் சராசரியாக எத்தனை துடிப்பு ஆகிறது என்று தெரிந்துவிடும். இன்று படிக்கும் பிள்ளைகள் ஊகிக்க வேண்டியதில்லை.

அந்தப் பெண்ணிடம் மறுநாள் மன்னிப்புக் கேட்டேன். கூட்டத்தில் குறை சொன்னவன், மன்னிப்பைத் தனியாகத்தான் கேட்டேன். அது இன்றும் உறுத்துகிறது.