தடமறிந்த பணிக்கர்

புங்குடுதீவின் மடத்துவெளியில் யானை வாழக் காடில்லை. பனையும் கடலுமே உண்டு. ஆயினும் அவ்வட்டாரத்துக்கு யானை புதியதன்று. வடக்கே, வேலணைத் தீவின் கோடியிலுள்ள ஊர்காவற்றுறையிலிருந்து போர்த்துக்கேயர் காலத்திலும் ஒல்லாந்தர் காலத்திலும் யானைகள் கப்பலேறி இந்தியாவுக்குச் சென்றன. வன்னியர் திறையாகக் கொடுத்த யானைகள் கடனீரேரியைக் கடந்து குடாநாட்டினுள் புகுந்த இடமே ஆனையிறவு என்பர்.

கப்பலேறிய யானையைப் பற்றி ஏடுகள் பேசும். பிடித்தவனைப் பற்றி அவை அதிகம் பேசுவதில்லை.

பிடித்தவர் பணிக்கர். வடக்கிலும் கிழக்கிலும் வாழ்ந்த முஸ்லிம்களே பெரும்பாலும் இதனைக் குலவித்தையாகக் கொண்டிருந்தனர். 1845 முதல் 1850 வரை இலங்கையில் குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த எமர்சன் தெனன்ற், 1859இல் வெளியிட்ட நூலில் இவர்களது திறமையை வியந்துரைக்கிறார். இவர்கள் நம்பியது துப்பாக்கியையன்று. தோலை முறுக்கித் திரித்த வார்க்கயிற்றையே. இருவர் காற்றுக்கு எதிர்முகமாய் ஊர்ந்து சென்று, யானையின் பின்னங்காலிற் சுருக்கை மாட்டி, கயிற்றின் மறுதலையை மரமொன்றிற் கட்டிவிடுவர்.

அந்த மரத்தடிக்குச் சென்று சேர்வதே வித்தை. முன்னங்காற் சுவட்டின் சுற்றளவை இரட்டித்தால் யானையின் தோளுயரம் ஏறக்குறையக் கிடைக்கும். இலத்தியின் சூடும் ஒடிந்த கிளையின் ஈரமும் அது சென்ற நேரத்தைச் சொல்லும். அடிமரத்தில் அப்பிய சேற்றின் உயரம் மற்றொரு சாட்சி. சிறுத்தை நகத்தை உள்ளிழுத்து நடப்பதால் அதன் சுவட்டில் நகக்குறி இராது. கரடியின் சுவட்டில் இருக்கும். இவற்றையெல்லாம் காட்டில் நடந்தே கற்கவேண்டும்.

1937இல் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. மறு ஆண்டில் யாலவும் வில்பத்துவும் தேசியப் பூங்காக்களாயின. பிடிப்பவனுக்கிருந்த மதிப்புக் குறைந்து, காட்டுபவனுக்குத் தேவை பிறந்தது. 'சபாரி' என்னும் சுவாகிலிச் சொல் அரபு மொழியின் 'சபர்', அதாவது பயணம், என்பதன் வழிவந்தது. கடல்கடந்து பொருளீட்டியவரைச் 'சபுராளி' என்றழைக்கும் கீழக்கரையாருக்கு அது அந்நியமாய்த் தோன்றாது.

இன்று இதுவும் பயிற்சியும் பரீட்சையுமுள்ள உத்தியோகம். தென்னாபிரிக்காவில் 1990இல் கள வழிகாட்டிகளுக்கென ஒரு சங்கமே தோன்றியது. அங்கே எழுத்துத் தேர்வோடு களத்தேர்வும் உண்டு. சுவடு, காற்று, ஒலி ஆகியன பணிக்கன் கற்ற பாடங்களே. நோக்கம் மட்டும் வேறு. பணிக்கன் யானையறியாமல் நெருங்கியது பிடிப்பதற்காக. வழிகாட்டியோ யானையறியாமல் நெருங்கி, அறியாமலே மீளவேண்டும். இஃது எளிதென்போர், அவன் முதுகுக்குப் பின்னே காடறியாத ஆறேழு பேர் நிற்பதை மறந்துவிடுகின்றனர்.

ஆபிரிக்க வழிகாட்டிக்குப் பாடநூலுண்டு. பணிக்கனின் பாடமோ வாய்மொழியாகவும் கால்நடையாகவுமே கைமாறியது. காட்டோர ஊர்களில் தடமறிந்த முதியவரை அழைத்து இளைஞருக்குக் கற்பிக்கச் செய்வதே முதற் பணியாக இருக்கவேண்டும். தெனன்ற் தம் வியப்பை எழுதிவைத்தார். அந்த வித்தை முழுவதையும் எழுத அவராலும் இயலவில்லை.