ஒரே கோட்டில் ஒரு முகம்

நூறு ரூபாய் நோட்டிலுள்ள காந்தியடிகளின் முகத்தை உருப்பெருக்குக் கண்ணாடியால் பாருங்கள். நிழல் என்று நாம் நினைத்ததெல்லாம் நுண்ணிய கோடுகளே!

இந்த வித்தை பழையது. ஓவியர் மையில் நீர் கலந்து வெளிறச் செய்யலாம். அச்சிடுபவருக்கு அது இயலாது. ஆகவே 15-ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பியச் செதுக்குக் கலைஞர்கள், செப்புத் தகட்டில் நிழல் வேண்டிய இடத்தில் கோடுகளை நெருக்கியும் குறுக்கே வெட்டியும் இட்டனர். கறுப்பையும் வெண்மையையும் கலந்து சாம்பலாக்கும் வேலையைப் பார்ப்பவரின் கண்ணே செய்துகொண்டது.

பிரான்சு நாட்டுக் கிளோட் மெலான் குறுக்குக் கோடுகளையும் விட்டுவிட்டார். 1649-இல் அவர் செதுக்கிய இயேசுவின் முகம் முழுவதும் ஒரே கோடு! மூக்கு நுனியில் தொடங்கிச் சுருளாக விரிகிறது. உளி ஆழப் பதிந்த இடத்தில் பள்ளம் அகன்று, மை மிகுதியாகத் தங்கிக் கறுக்கும். மேலாகக் கீறிய இடம் வெளுக்கும். கன்னம், இமை, தாடி, முள்முடி எல்லாம் இப்படியே பிறந்தன. செம்பில் விழுந்த கீறலை அழிப்பது எளிதன்று என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

நீங்களும் பென்சிலால் ஒரு சுருள் வரையுங்கள். வலப்பக்கம் வரும்போதெல்லாம் கோட்டைச் சிறிது தடிக்க விடுங்கள். தட்டையான தாளில் ஓர் உருண்டை எழும். முதல் சுருள் கோணலாகத்தான் வரும். எனக்கும் அப்படித்தான் வந்தது.