ஒரு சின்ன றிவோல்வரும் பதினான்கு வருசப் பூட்டும்

ஒரு பழைய றிவோல்வர் எங்கட மேசையில கிடக்குது எண்டு வைச்சுக்கொள்ளுவம். கைக்குள் அடங்கிவிடும் அளவு. விசையைச் சுற்றி வளையம் இல்லை. பித்தளைச் சட்டம், அதன் மேல் பூசிய வெள்ளி அங்கங்கே தேய்ந்துபோயிருக்கிறது. இதை யார் செய்தது? எப்போது செய்தது? துவக்கு எண்டதும் சத்தத்தையும் சாவையும்தான் நாங்கள் நினைக்கிறம். இதை ஒரு ஆவணமாகவும் வாசிக்கலாம்.

முதலில் சிலிண்டரைப் பார்ப்போம். ஏழு அறைகள். ஒவ்வொன்றும் முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் ஊடுருவித் துளைக்கப்பட்டிருக்கிறது. ஒரு பக்கத்தால பாத்தா மற்றப் பக்கம் வெளிச்சம் தெரியும். இந்த வெளிச்சத்தை மறந்துவிட வேண்டாம், கதையே அதுதான். அடுத்தது சுத்தியல். அதன் நுனி ரவையின் நடுவில் அடிப்பதில்லை, ஓரத்தில் அடிக்கிறது. ரவையின் அடிவிளிம்புக்குள் வெடியூட்டும் மருந்து இருக்கிறது. விளிம்பு நசுங்க அது பற்றும். அதனால்தான் இதற்கு ரிம்ஃபயர் என்று பெயர். குழலின் கீழிருக்கும் கொளுவியை விடுவித்தால் குழல் மேல்நோக்கி மடியும், சிலிண்டர் கையோடு வரும்.

இவ்வளவும் சேர்ந்தால் விடை ஒன்றுதான்: அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் ஸ்மித் அன்ட் வெஸன் 1857இல் விற்கத் தொடங்கிய மொடல் நம்பர் 1. இதில் மூன்று பதிப்புகள் உண்டு. சட்டத்தின் பக்கங்கள் உருண்டிருந்தால் முதலாவது, 1860 வரை. தட்டையாக இருந்தால் இரண்டாவது, 1868 வரை. சிலிண்டரில் நீள்பள்ளங்களும், பறவைத் தலைபோல் வளைந்த பிடியும் இருந்தால் மூன்றாவது.

சிலிண்டரில் ஒரு திகதியும் பொறிக்கப்பட்டிருக்கும்: 1855 ஏப்ரல் 3. துவக்கு செய்த திகதி எண்டு நினைச்சிடாதேங்கோ. அது ரொலின் வைட் என்பவர் ஆக்கவுரிமை பெற்ற நாள். அவர் வரைந்து காட்டிய துவக்கு நடைமுறைக்கு உதவவில்லை. ஆனால் சிலிண்டரை ஊடுருவித் துளைப்பது என்ற ஒரு வரி அந்த உரிமைக்குள் இருந்தது. பிரான்சில் லெஃபோஷே இதே வகைச் சிலிண்டரோடு ஏற்கனவே றிவோல்வர் செய்துகொண்டிருந்தார். இருந்தும் அமெரிக்காவில் அந்தத் துளை வைட்டின் சொத்தானது. 1856இல் ஸ்மித்தும் வெஸனும் அவரோடு ஒப்பந்தம் செய்தார்கள். துவக்கு ஒன்றுக்கு 25 சதம் அவருக்கு. வழக்கு வந்தால் உரிமையைக் காக்கும் பொறுப்பும் அவருக்கே.

1861இல் உள்நாட்டு யுத்தம் தொடங்கியது. உலோக ரவையை நேரே பின்னால் போட்டுச் சுடுவது எப்படி என்று தெரிந்திருந்தும், பெரும்பாலான படையினரின் கையில் இருந்தது பழைய முறைதான்: அறைக்கு அறை மருந்து, குண்டு, பின்னால் ஒரு செப்புத் தொப்பி. ஸ்மித் அன்ட் வெஸனின் சின்னத் துவக்குகளைப் படையினர் சொந்தக் காசில் வாங்கினார்கள். தொழிற்சாலையால் கேட்ட அளவுக்குக் கொடுக்க முடியவில்லை. மற்றவர்கள் செய்தால் வழக்கு. மூர், பொண்ட், வோர்னர் எல்லோரும் வழக்கில் சிக்கினார்கள். அவர்களின் துவக்குகள் சிலவற்றில் ‘ஸ்மித் அன்ட் வெஸனுக்காகச் செய்யப்பட்டது’ என்ற பொருளில் எழுத்துப் பொறிக்கப்பட்டிருப்பது இதனால்தான். பிறகு மூர் ஒரு குறுக்குவழி கண்டார். சிலிண்டரின் பின்புறத்தில் சின்ன ஓட்டை மட்டும் விட்டு, முலைபோல் நீட்டிய அடி கொண்ட ரவையை முன்னாலிருந்து போட வைத்தார். சட்டத்துக்குப் பயந்து பிறந்த விசித்திர ரவை அது!

சரி, இதைச் சுட்டுப் பாக்கலாமா? .22 ஷோர்ட் ரவை இன்றும் கடைகளில் விற்கிறது, இந்த அறைக்குள் பொருந்தவும் செய்யும். ஆபத்தும் அங்கேதான். இந்தப் பித்தளைச் சட்டம் சுமார் கால் கிராம் கரிமருந்துக்காகச் செய்யப்பட்டது. இன்றைய புகையற்ற மருந்தின் அழுத்தம் அதை உடைக்கலாம். அனுமதியுள்ள நாடுகளில் சேகரிப்பாளர்கள் முதலில் துவக்குத் திருத்துநரிடம் காட்டுகிறார்கள். பிறகு கரிமருந்து ரவை மட்டும். சுத்தியலைப் பெருவிரலால் இழுத்துவிட்டு விசையை அழுத்த வேண்டும். குண்டின் எடை இரண்டு கிராமும் இல்லை. சின்னச் சத்தம், வெள்ளைப் புகை. மருந்து விளிம்பெங்கும் சரியாகப் பரவாத ரவை என்றால் வெடிக்காது. சிலிண்டரைக் கழற்றி, ரவையைக் கொஞ்சம் திருப்பி, மறுபடி முயல வேண்டும். சுத்தியலால் நசுக்க வேண்டுமென்பதால் விளிம்பு மெல்லிசாக இருக்க வேண்டும். மெல்லிய விளிம்பு பெரிய அழுத்தம் தாங்காது. ரிம்ஃபயர் பெரும்பாலும் சின்ன ரவைகளோடு நின்றுபோனதற்கு இதுதான் காரணம்.

1869 ஏப்ரலில் பதினான்கு வருசம் முடிந்தது. வைட் நீடிப்புக் கேட்டார், காங்கிரஸ் அவருக்கு உதவும் சட்டமூலத்தையும் நிறைவேற்றியது. 1870 ஜனவரியில் ஜனாதிபதி கிராண்ட் அதை இரத்துச் செய்தார். அந்த உரிமையால் யுத்தத்தின்போது அரசாங்கம் பட்ட சிரமத்தைப் படைக்கலத் தலைமை அதிகாரி எடுத்துச் சொல்லியிருந்தார். யுத்தத்தை நடத்திய தளபதியே கிராண்ட், அவருக்கு அது புதுக்கதை இல்லை. 1873இல் கோல்ட் கம்பனியின் புகழ்பெற்ற றிவோல்வர் அதே ஊடுருவிய துளையோடு வந்தது.

ஆயுதங்களின் வரலாற்றைக் கண்டுபிடிப்பாளர்களின் கெட்டித்தனமாகவே எங்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். இந்தச் சின்னத் துவக்கு வேறொன்றைச் சொல்கிறது. எது கண்டுபிடிக்கப்பட்டது என்பது பாதிக் கதை. அதைச் செய்ய யாருக்கு அனுமதி இருந்தது என்பதே மிச்சம். மருந்துக்கும் விதைக்கும் மென்பொருளுக்கும் உரிமை எழுதப்படுகிற காலத்தில இருக்கிறம். அருங்காட்சியகக் கண்ணாடிக்குப் பின்னால் பழைய றிவோல்வர் ஒன்றைக் கண்டால், குழலை விட்டுச் சிலிண்டரைப் பாருங்கோ. அங்க திகதி இருந்தால், அது யாருடைய திகதி எண்டு கேளுங்கோ.