புதுவை நகரின் பழங்கட்டடங்கள்: வீழ்ந்தவையும் மீண்டவையும்

ஓர் ஊரின் வரலாறு ஏடுகளில் மட்டும் எழுதப்படுவதில்லை. அவ்வூரின் தெருக்களிலும் மாளிகைகளிலும் கோவில்களிலும் அது எழுதப்பட்டிருக்கிறது. ஏட்டில் உள்ளதைப் படியெடுத்து வைக்கலாம். கட்டடத்திற்குப் படி கிடையாது. இவ்வுண்மையைப் புதுவை நகரம் தன் அனுபவத்தால் கற்றுக்கொண்டது. அந்த வரலாறு நமக்கும் பயன் தருவதாகும்.

1761-ஆம் ஆண்டில் புதுவையைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் அந்நகரைத் தரைமட்டமாக்கினர். கோட்டையும் மாளிகைகளும் வீழ்ந்தன. சேசு சபைக் குருக்கள் எழுப்பியிருந்த கோவிலும் உடன் வீழ்ந்தது. பின்னர் நகரம் மீண்டும் பிரெஞ்சுக்காரர் வசமானதும் ஊர் புதிதாக எழுந்தது. மக்கள் ‘சம்பா கோவில்’ என்று அழைக்கும் ஜென்மராக்கினி மாதா பேராலயம் 1791-ல் நிறைவு பெற்றது. ‘சேன் போல்’, அதாவது புனித சின்னப்பர் என்ற பெயரே நம் மக்கள் நாவில் ‘சம்பா’ ஆயிற்று. கப்புச்சின் துறவியரின் நினைவாகக் ‘கப்ஸ் கோவில்’ எனப்படும் சம்மனசுகளின் இராக்கினி ஆலயம் 1855-ல் எழுந்தது. முட்டை வெண்கரு சேர்த்து அரைத்த சுண்ணாம்புப் பூச்சு அதன் உட்சுவர்களுக்குத் தந்த பளபளப்பு இன்றும் காண்போரை வியக்க வைக்கிறது.

கோவில்கள் மட்டுமல்ல, அன்பர்களே! பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, உயர்ந்த மதிலும் தோட்டமும் கொண்ட பிரெஞ்சு வீடுகள். மேற்கே, திண்ணையும், மரத்தூண்கள் தாங்கும் தாழ்வாரமும், நடுவே முற்றமும் கொண்ட தமிழர் வீடுகள். கீழ்த்தளம் தமிழ் முறையிலும் மேல்தளம் பிரெஞ்சு முறையிலும் கட்டப்பட்ட வீடுகளும் பல உண்டு. இரண்டு நாகரிகங்கள் ஒரே கூரையின் கீழ் குடியிருந்தன என்றால் மிகையன்று.

1761-ல் இடித்தவன் பகைவன். ஆனால் நம் காலத்தில் பீரங்கிக்கு வேலையில்லை. மனையின் விலை ஏறுகிறது. பாகப்பிரிவினையில் ஒரு வீடு நான்கு பங்காகிறது. பழைய வீட்டைக் காப்பதைவிட இடித்து அடுக்குமாடி எழுப்புவது ஆதாயமாகத் தோன்றுகிறது. இவ்வாறு ஓசையின்றி மறைந்த வீடுகள் புதுவையில் ஏராளம்.

ஓசையோடு வீழ்ந்தது ஒன்று உண்டு. கடற்கரைச் சாலையில் இருந்த ‘மேரி’ கட்டடம் அது. இது மாதாவின் பெயரன்று. நகர மன்றத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். 1870-ஆம் ஆண்டை ஒட்டி எழுந்த அம்மாளிகையில் திருமணங்கள் பதிவாயின. பிரெஞ்சு ஆட்சிக்குப் பின்னரும் நகராட்சி அங்கே இயங்கியது. அது பழுதுற்றதை எல்லோரும் அறிந்திருந்தனர். செப்பனிட வேண்டும் என்ற பேச்சும் இருந்தது. பேச்சு செயலாகும் முன், 2014 நவம்பர் 29 அன்று, பெருமழையில் அக்கட்டடம் சரிந்து விழுந்தது.

அதன் பின்னரே ஊர் விழித்துக்கொண்டது. எஞ்சியவற்றையாவது காப்பாற்ற வேண்டும் என நகரவாசிகள் ஒன்றுகூடிக் குரல் எழுப்பினர். உலக வங்கியின் உதவியுடன் மேரி கட்டடம் பழைய தோற்றத்திலேயே மீண்டும் கட்டப்பட்டு 2021-ல் திறக்கப்பட்டது. மகிழ்ச்சிதான். எனினும் இன்று நிற்பது பழைய முகம் கொண்ட புதிய கட்டடமே.

இதற்கு மாறான ஒரு காட்சியையும் அதே நகரில் காணலாம். ‘இன்டாக்’ எனப்படும் தேசியப் பாரம்பரிய அறக்கட்டளை 1984-ல் தோன்றியது. அதன் புதுவைக் கிளை பழைய வீடுகளைக் கணக்கெடுத்து, உரிமையாளர்களுக்கு ஆலோசனை கூறி வந்தது. 2002-க்குப் பின் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடும், பிரான்சின் வில்நெவ்-சூர்-லோ, இத்தாலியின் ஊர்பினோ ஆகிய நகரங்களின் தோழமையோடும், தமிழர் பகுதியில் உள்ள வைசியாள் தெரு சீரமைக்கப்பட்டது. மறைந்த திண்ணைகளும் தாழ்வாரங்களும் திரும்பி வந்தன. 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருதுகளில் அத்தெரு இடம் பெற்றது. அங்கே காப்பாற்றப்பட்டது அரண்மனையன்று, குடும்பங்கள் வாழும் வீடுகள். வீழும் முன்பே கைகொடுத்ததால் அவை பிழைத்தன.

பழைய கட்டடம் ஒரே நாளில் விழுவதில்லை. உத்திரங்களின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு இட்ட மெட்ராஸ் தளத்தில் முதலில் சிறு விரிசல் காணும். அதன் வழியே மழைநீர் இறங்கி உத்திரத்தின் முனையை, அது சுவருக்குள் புதைந்திருக்கும் இடத்தில், கண்ணுக்குத் தெரியாமல் மக்கச் செய்யும். பின் கறையான் வரும். மாடியின் மூலையில் பறவை இட்ட எச்சத்திலிருந்து அரசங்கன்று முளைத்து, அதன் வேர் சுவரைப் பிளக்கும். நல்லெண்ணத்தோடு நாம் பூசும் சிமெண்டும் தீங்கு செய்வதுண்டு: சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடுவது, சிமெண்ட் அதன் ஈரத்தை உள்ளேயே அடைத்து வைக்க, செங்கல் பொடியாகிறது.

இனி நம் பங்குகளை எண்ணிப் பார்ப்போம். பொன்விழா, நூற்றாண்டு விழா என்று வரும்போதெல்லாம், “பழைய கோவில் சிறியது, இடித்துப் பெரிதாகக் கட்டுவோம்” என்ற பேச்சு எழுகிறது. மக்கள் பெருகும்போது இடம் வேண்டும் என்பது நியாயமே. ஆனால் இடிக்கும் முன், பழங்கட்டடக் கலை அறிந்த பொறியாளர் ஒருவரை அழைத்துக் கேட்டோமா? பழைய ஆலயத்தைச் சிற்றாலயமாக வைத்துக்கொண்டு பக்கத்தில் புதியது எழுப்ப வழியுண்டா என்று ஆராய்ந்தோமா? நம் பாட்டன்மார் கல்லும் சுண்ணாம்பும் சுமந்த உழைப்பு அச்சுவர்களில் இருக்கிறது; அவர்கள் பெயர்கள் வேறெங்கும் எழுதப்படவில்லை.

பெரும் பணம் இல்லையே என்று மலைக்க வேண்டாம். ஆண்டுதோறும் ஐப்பசி மழைக்கு முன் மாடியைக் கூட்டி, தண்ணீர்த் தூம்புகளின் அடைப்பை நீக்கி, முளைத்த கன்றை வேரோடு களைந்து, விரிசலைச் சுண்ணாம்பால் அடைக்க இளைஞர் சிலரும் இரண்டு நாட்களும் போதும். மேரி கட்டடம் வீழ்ந்த பின் செலவான கோடிகளை நோக்க இது எம்மாத்திரம்! அடுத்த மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது, இப்போதே தொடங்குவோமாக.