வல்வெட்டித்துறை: போருக்குப் பிந்தைய நகர மீட்சி

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், காங்கேசன்துறைக்கும் பருத்தித்துறைக்கும் இடையே உள்ள வடமராட்சித் துறைமுக ஊர். ஊரவர் வாயில் 'வல்வை'. தனி நகரசபை உண்டு.

ஊரின் பழைய செழிப்பு பாய்க்கப்பல்களால் வந்தது. வல்வைக் கப்பல்கள் நாகப்பட்டினம், இரங்கூன் எனச் சரக்கேற்றிச் சென்றன. இங்கு கட்டப்பட்ட 'அன்னபூரணி' அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பட்டு, வல்வை மாலுமிகளோடு 1938இல் மாசச்சூசெட்சின் குளோஸ்டர் துறையை அடைந்தது. இரண்டாம் உலகப் போரும், சுதந்திரத்தின் பின் வந்த இறக்குமதி, குடிவரவுக் கட்டுப்பாடுகளும் அந்தக் கடல் வணிகத்தை முடித்துவைத்தன. எனவே நகரத்தின் தேய்வு உள்நாட்டுப் போருக்கும் முந்தியது.

போர் வீடுகளையே தின்றது. 1987 மே மாதத்தில் வடமராட்சி மீது இலங்கை இராணுவம் 'ஒப்பரேசன் லிபரேசன்' நடவடிக்கையைத் தொடங்கியது. 1989 ஆகஸ்ட் 2இல், அப்போது அங்கு நிலைகொண்டிருந்த இந்திய அமைதிப் படையினரின் தாக்குதலில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டனர். வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. பலர் இந்தியா, இங்கிலாந்து, கனடா என்று புறப்பட்டனர்.

2009இல் போர் முடிந்த பின் வட மாகாணத்தில் வீட்டுத்திட்டங்கள் வந்தன. 2010இல் அறிவிக்கப்பட்ட, 50,000 வீடுகளுக்கான இந்தியத் திட்டத்தில், பெரும்பாலான பயனாளிகள் 5.5 இலட்சம் ரூபாயைத் தவணைகளாகப் பெற்றுத் தம் காணியிலேயே கட்டிக்கொண்டனர். ஆனால் வீடு கட்டுவதால் மட்டும் வல்வையின் சிக்கல் தீரவில்லை. ஐரோப்பாவில் இரண்டாம் உலகப் போரின் பின் எழுந்த குடியிருப்புகளோடு ஒப்பிட்டால் இது விளங்கும்; அவற்றின் நோய் வேறு வகை. ஆம்ஸ்டர்டாமின் பெய்ல்மர்மேர் ஒரே அச்சில் வார்த்த அடுக்குமாடிகளால் ஆனது. அதை மீட்க, 1990களிலிருந்து பல கட்டடங்களை இடித்து, கடைகளையும் சிறு வீடுகளையும் சேர்க்க வேண்டியிருந்தது. வல்வையில் வீட்டின் அமைப்பு குறையன்று. மதில், கிணறு, முற்றம் எல்லாம் இருக்க, உரியவர் இலண்டனிலோ ரொறன்ரோவிலோ இருப்பார். காணிக்கும் வீட்டுக்கும் காசு கொடுக்கலாம்; குடியிருக்க ஆளை எந்தத் திட்டம் கொடுக்கும்?

ஊர் களைகட்டுவது பொது இடங்களில்தான். தைப்பொங்கலன்று உதயசூரியன் கடற்கரையில் நடக்கும் பட்டப்போட்டி போருக்குப் பின் பெருவிழாவாக வளர்ந்து, குடாநாடெங்கும் இருந்து கூட்டத்தை இழுக்கிறது. கொக்கு, பிராந்து போன்ற பழைய வகைகளோடு, நுணுக்கமான பொறியமைப்புள்ள விநோதப் பட்டங்களும் ஏறும். சித்திராபௌர்ணமியில் முத்துமாரியம்மன் கோயில் தீர்த்தத்தோடு வரும் இந்திரவிழாவுக்கு வீதிகள் விடிய விடிய விளக்கில் மிதக்கும். புலம்பெயர்ந்தோர் விடுமுறையை இதற்கென்றே ஒதுக்குவதுண்டு. பாக்குநீரிணையை 1971இல் இருவழியும் நீந்திக் கடந்த வல்வையர் வி. எஸ். குமார் ஆனந்தனின் நினைவாக ஊரின் ரேவடிக் கடற்கரையில் நீச்சல் தடாகமும் அமைந்துள்ளது.

விழா முடிந்தால் சந்தை மெலிகிறது. மற்ற நாட்களில் ஊரைத் தாங்குவது பெரும்பாலும் கடற்றொழிலும் வெளிநாட்டுப் பணமும். அத்தொழிலும் தமிழ்நாட்டு இழுவைப்படகுகளால் வலை அறுந்து நட்டப்படுவதாக வடகரை மீனவர் நெடுங்காலமாக முறையிடுகின்றனர். இளைஞரை ஊரில் நிறுத்தக்கூடிய நிரந்தர வேலை இன்னும் போதிய அளவு உருவாகவில்லை.