படிக்கல்லின் வமிசாவளி

பிழைப்பை நாடிச் சென்னை மாகாணத்திலிருந்து கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் சென்ற நம் முன்னோர் அங்கே புதிதாகக் கற்க வேண்டியிருந்தது மொழியை மட்டுமன்று. மணங்கையும் கற்க வேண்டியிருந்தது. சென்னையில் எட்டு வீசை கொண்டது ஒரு மணங்கு. அது 25 ராத்தல். கிலோகிராமில் ஏறக்குறைய 11.3. பம்பாய் மணங்கு 28 ராத்தல். வங்காளத்திலோ நாற்பது சேர் கொண்ட மணங்கு 37.3 கிலோகிராம். "இங்கே சர்க்கரை மணங்கு இன்ன விலை" என்று கல்கத்தாவிலிருந்து ஒருவர் ஊருக்குக் கடிதம் எழுதினால், படித்தவர் மலைத்துத்தான் போயிருப்பார்.

அளவு என்பது எண்ணும் அலகும் சேர்ந்தது. அலகு இன்னதென்று இருவரும் ஒப்பாதவரை எண்ணால் பயனில்லை. ஒப்பிய அலகை மாறாமல் காத்துத் தருவதற்கே நியமம் என்று பெயர். விடுதலை பெற்ற பாரதம் 1956-இல் எடை அளவு நியமச் சட்டத்தை இயற்றியது. 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் எடைகள் படிப்படியாகப் புழக்கத்துக்கு வந்தன. 1962 ஏப்ரலில் எடைக்கு அம்முறையே கட்டாயமாயிற்று.

நியமத்தைக் காக்கும் பொறுப்பு புதுடில்லியிலுள்ள தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்தது. அதன் முதல் இயக்குநர் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் என்பது நமக்குப் பெருமை தருவதே. பிளாட்டினமும் இரிடியமும் கலந்த, 57 என்னும் எண்ணுடைய சிற்றுருளை ஒன்று அங்கே நம் நாட்டுக் கிலோகிராமாக வைக்கப்பட்டது. கடைக்காரரின் படிக்கல்லை ஆய்வாளர் தம் கல்லோடு ஒப்பிடுகிறார்; அவருடைய கல் அதனினும் செம்மையான வேறொன்றோடு ஒப்பிடப்படுகிறது; இவ்வாறு ஏறிச் சென்றால் டில்லியை அடைகிறோம். கல்லில் பொறித்த முத்திரை இந்த வமிசாவளிக்கே சான்று.

இங்கே இரு சொற்களைக் குழப்பிக்கொள்ளலாகாது. தராசுத் தட்டின் அடியில் சிறிது புளி ஒட்டியிருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். (இது பழைய தந்திரந்தான்!) ஒரே பொருளை ஐந்து முறை நிறுத்தாலும் ஒரே எடை வரும், ஆனால் ஐந்து முறையும் தவறாகவே வரும். இதில் நுட்பம் உண்டு, துல்லியம் இல்லை. தடுமாறும் தராசு ஒவ்வொரு முறையும் வேறு எடை காட்டினாலும், சராசரி உண்மையை ஒட்டியிருக்கலாம். ஆகவே, "எத்தனை முறை நிறுத்தாலும் மாறவில்லையே" என்று வணிகர் சாதித்தால் நாம் அயர்ந்துவிட வேண்டியதில்லை. எடை தெரிந்த கல்லை அத்தட்டில் வைத்தால் புளி வெளிப்பட்டுவிடும். அளவுத்திருத்தம் என்று பொறியியலார் கூறுவது இதனையே. அப்போதும் எஞ்சும் சிறு ஐயப்பாட்டை அவர்கள் மறைப்பதில்லை. விடையோடு சேர்த்தே எழுதுகிறார்கள்.

வமிசாவளியின் மூலவரும் இதற்கு விலக்கல்லர். பாரிஸ் நகருக்கு அருகே செவ்ர் என்னுமிடத்தில் 1889 முதல் உலகின் கிலோகிராமாக விளங்கிய உருளைக்கும் அதன் பிரதிகளுக்கும் இடையே, நூறாண்டில் சுமார் 50 மைக்ரோகிராம் வேறுபாடு காணப்பட்டது. ஒரு கடுகின் எடையில் சிறு கூறுதான். எனினும் மாறியது எது, மூலமா பிரதிகளா என்று தீர்த்துச் சொல்ல வழியில்லை. எனவே 2018-இல் வெர்சேயில் கூடிய நாடுகள், பிளாங்க் மாறிலியைக் கொண்டு கிலோகிராமை வரையறுக்க முடிவு செய்தன. 2019 மே 20 முதல் அதுவே நடைமுறை. எல்லாவற்றுக்கும் எடை சொல்லிவந்த பழைய உருளையையும் அன்று முதல் பிற பொருள்களைப் போல் நிறுத்துத்தான் அறிய வேண்டும். நம் கடைக்காரரின் கல்லுக்கு இதனால் மாற்றம் ஏதுமில்லை. முத்திரையை மட்டும் அவர் உரிய காலத்தில் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.