தொண்ணூறு மாதச் சம்பளமும் எங்கட புரொஜெக்டரும்

போன வருஷம் பல்கலைக்கழக விடுமுறைக்கு ஊருக்கு வந்த நாங்கள் ஐந்து பேர் காசு சேர்த்து ஒரு புரொஜெக்டர் வாங்கினோம். கற்பிட்டிப் பக்கம், எங்களில் ஒருத்தியின் வீட்டு ஹோலில் கிழமைக்கு ஒரு படம் போடுவதுதான் திட்டம். இங்கே நாங்கள் விமர்சனம் எழுதும் படங்களில் பாதியை ஃபோனில்தான் பார்த்திருக்கிறோம் என்ற வெட்கமும் அதுக்கு ஒரு காரணம். விலை 24,500 ரூபாய். பெட்டியில் பெரிய எழுத்தில் 9000 லூமன்ஸ் என்று போட்டிருந்தது. லூமன்ஸ் என்றால் என்னவென்று எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது. ஆனால் 9000 பெரிய எண் என்பது தெரியும்.

முதல் நாள் லைட் எல்லாம் அணைத்து, யன்னலுக்குப் போர்வை கட்டிப் படம் போட்டோம். பகல் காட்சிகள் வெளுத்துப்போன சாரம் மாதிரி வந்தன. இரவுக் காட்சி வந்தால் சுவரில் ஒன்றுமே இல்லை, சத்தம் மட்டும் கேட்டது. அடுத்த நாள் டவுனில் இலத்திரனியல் சாமான் திருத்தும் நானாவிடம் கொண்டுபோனோம். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது பழுது இல்ல தம்பி. இது இப்படித்தான். பெட்டியில போட்டிருக்கிறது பெட்டிக்குத்தான்."

காசு போனது போனதுதான். கலைப்பீடக்காரர் செய்யக்கூடியது ஒன்றுதான் மிச்சம் இருந்தது: வரலாற்றைத் தேடி வாசித்தோம். கையில் காசு குறைவாக உள்ளவர்கள் இதுக்கு முதல் எப்படிப் புரொஜெக்டர் வாங்கினார்கள், எப்படி ஓட்டினார்கள்?

கடனாளியாகத் துணிந்த ஒரு ரயில்வே ஊழியர்

தமிழில் இந்தக் கேள்விக்கு முதல் பதில் சாமிக்கண்ணு வின்சென்ட். கோயம்புத்தூர்க்காரர். 1905இல் திருச்சியில் ரயில்வேயில் வரைபடம் வரையும் வேலையில் இருந்தார். வயது 22, மாதச் சம்பளம் 25 ரூபாய். அந்த நேரம் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் ஊர் ஊராகச் சலனப்படம் காட்டிக்கொண்டு வந்தார். இயேசுவின் வாழ்க்கை பற்றிய குறும்படமும் அவரிடம் இருந்தது. டுபாண்டுக்கு உடம்பு முடியாமல் போய் ஊருக்குத் திரும்ப நினைத்தபோது, அவருடைய புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் சாமிக்கண்ணு வாங்கினார். விலை 2,250 ரூபாய்.

கணக்குப் பாருங்கள். 90 மாதச் சம்பளம். ஒரு சதமும் செலவழிக்காமல் சேர்த்தாலும் ஏழரை வருஷம். ஐந்து பேர் சேர்ந்து 24,500 போட்டுவிட்டு நாங்கள் அழுதது எங்களுக்கே கூச்சமாகிப் போனது.

ஆனால் அவர் வாங்கின மெஷின் ஓடினது. வேலையை விட்டுவிட்டுக் கூடாரத்தோடு ஊர் ஊராகப் போனார், வட இந்தியா, பர்மா என்று சுற்றினார். 1914இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹோல் என்ற நிரந்தரத் திரையரங்கைக் கட்டினார். பிறகு மின்சாரத்தில் ஓடும் அச்சகமும் அரிசி ஆலையும் நடத்தினார்.

ஊர் ஊராகப் படம் காட்டிய எவருக்கும் புது ஊருக்குப் போய் இறங்கினவுடன் மூன்று கேள்வி இருந்திருக்கும். வெளிச்சம் எவ்வளவு? அது எதில் விழப்போகிறது? வெளிச்சத்துக்கான சக்தி எங்கிருந்து வரும்? நாங்கள் கடையில் கேட்ட கேள்வி வேறு. ப்ளூடூத் இருக்கா, யூடியூப் வருமா, 4கே சப்போர்ட் பண்ணுமா. மூன்றில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை.

வீட்டுக்குள் வந்த கதை

விளக்கை வைத்துச் சுவரில் படம் காட்டுவது சினிமாவைவிடப் பழையது. டச்சு விஞ்ஞானி கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1659 அளவில் மாய விளக்கு செய்துவிட்டார். லூமியேர் சகோதரர்கள் 1895 டிசம்பர் 28ஆம் தேதி பாரிஸில் காசு வாங்கிப் படம் காட்டினார்கள். ஏழு மாதத்துக்குள், 1896 ஜூலை 7ஆம் தேதி, அது பம்பாய் வாட்சன் ஹோட்டலுக்கு வந்தது.

ஆனால் வீட்டுக்குள் வர இன்னும் கன காலம் எடுத்தது. காரணம் நெருப்பு. அந்தக் காலப் படச்சுருள் நைட்ரேட்டில் செய்தது, பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். 1897 மே மாதம் பாரிஸில் ஒரு தர்மச் சந்தையில் புரொஜெக்டரின் ஈதர் விளக்கில் பிடித்த தீயில் 126 பேர் இறந்தார்கள். அப்படிப்பட்ட சாமானை யார் வீட்டு ஹோலில் வைப்பார்கள்? இலகுவில் தீப்பிடிக்காத சுருளோடு, வீட்டுப் பாவனைக்கென்றே 16 மில்லிமீட்டர் படத்தைக் கோடாக் நிறுவனம் 1923இல் கொண்டுவந்தது. கமெரா, புரொஜெக்டர், திரை எல்லாம் சேர்த்து 335 டொலர். பணக்கார வீட்டுப் பொழுதுபோக்குத்தான், ஆனாலும் வீடு என்ற இடத்துக்குள் அது நுழைந்துவிட்டது.

இலங்கையில் 1901இல் ஆளுநர் வெஸ்ட் ரிஜ்வேக்காகத் தனிப்பட்ட முறையில் ஒரு காட்சி நடந்தது. நாட்டின் முதல் திரையிடல் என்று அதைத்தான் சொல்கிறார்கள். அதன் பிறகு வார்விக் மேஜர் என்ற ஆங்கிலேயர் கூடாரங்களில் சனங்களுக்குக் காட்டத் தொடங்கினார். 1948இல் அரசாங்கத் திரைப்படப் பிரிவு தொடங்கியது. 1982 பெப்ரவரியில் ரூபவாஹினி வந்தது.

அதுக்குப் பிறகுதான் எங்கட உம்மா, வாப்பா, மாமா, மாமிகளின் காலம். கல்யாண வீடென்றால் டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, விடியவிடிய மூன்று நாலு படம் போடுவார்கள். கரண்ட் இல்லாத இடங்களில் கறுப்பு வெள்ளை டிவி கார் பெற்றரியில் ஓடினது. அதுவும் ஒரு 'ஹோம் தியேட்டர்'தான். ஒரு வீட்டுக்கு ஒன்றென்று இல்லை, ஒரு ஊருக்கு ஒன்று.

9000 எப்படி 84 ஆனது

இனி எங்கட பெட்டிக்கு வருவோம். ஒரு புரொஜெக்டரின் வெளிச்சத்தை எப்படி அளப்பது என்று 1992இல் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் ஒரு முறையை வெளியிட்டது. அதைத்தான் அன்சி லூமன்ஸ் என்கிறார்கள். திரையில் விழும் வெள்ளைப் படத்தை ஒன்பது சம கட்டமாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொன்றின் நடுவிலும் வெளிச்சத்தை லக்ஸில் அளந்து சராசரி எடுத்து, படத்தின் பரப்பளவால் பெருக்க வேண்டும். அவ்வளவுதான். மலிவுப் பெட்டிகளில் 'அன்சி' என்ற சொல் இருக்காது. உள்ளே இருக்கிற எல்ஈடி பல்ப் விடும் வெளிச்சத்தை எழுதுவார்கள், இல்லாவிட்டால் மனதில் வந்ததை எழுதுவார்கள். பல்பில் இருந்து கிளம்பும் வெளிச்சத்தில் பெரும் பங்கு எல்சிடியிலும் கண்ணாடிகளிலும் தொலைந்துபோகும்.

நாங்களும் அளந்து பார்த்தோம். ஃபோனில் லக்ஸ் மீட்டர் ஆப் போட்டு, 80 அங்குலப் படத்தில் ஒன்பது இடத்தில் பிடித்தோம். சராசரி 48 லக்ஸ். 80 அங்குல அகலத்திரைப் படத்தின் பரப்பு 1.76 சதுர மீட்டர். பெருக்கினால் 84 லூமன். ஃபோன் கணக்குத் துல்லியம் இல்லைதான், ஆனாலும் 9000க்கும் 84க்கும் இடையில் உள்ள தூரத்தை ஃபோன் மேல் பழி போட்டு மூட முடியாது.

எவ்வளவு வெளிச்சம் போதும்? தியேட்டர்களுக்கு வைத்திருக்கும் அளவின்படி, நல்ல இருட்டில் வெள்ளைத் திரையில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 லூமன் வேண்டும். 60 அங்குலப் படம் ஒரு சதுர மீட்டர், ஆகவே 150. 80 அங்குலத்துக்கு 265 அளவு. 100 அங்குலம் 2.75 சதுர மீட்டர், அதுக்கு 410 அளவு. இதைப் படித்தபோது எங்களுக்கு ஆறுதலும் வந்தது. உண்மையான 400 லூமன் இருந்தால் வீட்டில் தியேட்டர் மாதிரிப் பார்க்கலாம், பொய்யான 9000 தேவையில்லை.

பெட்டியில் இன்னொரு வித்தையும் உண்டு. '4கே சப்போர்ட்' என்றால் 4கே படத்தை வாங்கிக்கொள்ளும் என்றுதான் அர்த்தம். காட்டுவது உள்ளே இருக்கிற புள்ளிகளின் அளவுக்குத்தான். 'நேட்டிவ்' ரெசலூஷன் என்ன என்று கேட்டு வாங்க வேண்டும். எங்களுடையது 800க்கு 480.

வெள்ளைச் சுவரின் வரலாறு

இரண்டாவது கேள்வி, வெளிச்சம் எதில் விழும் என்பது. வெள்ளைச் சுவர் இருந்தால் போதும், மினுக்கம் இல்லாத மட் பெயின்ட் அடித்தால் இன்னும் நல்லது என்று எல்லா வழிகாட்டியிலும் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகிறார்கள். எங்கட ஊரில் அது ஒரு வரியில் முடியிற விஷயம் இல்லை.

1990 அக்டோபரில் யாழ்ப்பாணம், மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியாவில் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளிலிருந்து முஸ்லிம்கள் விரட்டப்பட்டபோது, பெரும் பகுதியினர் வந்து சேர்ந்தது புத்தளம் மாவட்டத்துக்கு. கற்பிட்டி, புத்தளம், முந்தல் பக்கமெல்லாம் முகாம்கள். கிடுகுக் கொட்டில்கள். வருஷக் கணக்கில் கிடுகு. 2007இல்தான் உலக வங்கியின் உதவியோடு புத்தளம் வீடமைப்புத் திட்டம் வந்து, கன குடும்பங்கள் கல் வீடு கட்டின.

நாங்கள் படம் போட்ட ஹோல் அப்படிக் கட்டின வீட்டின் ஹோல். கிடுகில் படம் விழாது. பதினேழு வருஷம் அந்தக் குடும்பத்திடம் படம் போடக்கூடிய ஒரு சுவர் இருக்கவில்லை. புரொஜெக்டர் வாங்குவதற்குப் பட்ஜெட் போடும்போது சுவருக்குச் செலவு பூச்சியம் என்று எழுதினோம். அந்த வீட்டு உம்மும்மா கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

கரண்ட்

மூன்றாவது கேள்வி. எங்கட குடாநாட்டில் நுரைச்சோலையில் 900 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் இருக்கிறது. 2011இல் முதல் பகுதி வேலை செய்யத் தொடங்கியது. 2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினபோது, நாட்டின் மிகப் பெரிய மின்நிலையத்துக்குப் பக்கத்தில் நாங்களும் இருட்டில்தான் இருந்தோம். அந்த வருஷம் மார்ச்சுக்கும் மே மாதத்துக்கும் இடையில் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்குப் போனது. மலிவுப் புரொஜெக்டரை நம்பி ஏன் ஏமாறுகிறோம் என்பதுக்கு அதுவும் ஒரு பதில். நல்லது எங்கட கைக்கு எட்டாத விலைக்குப் போய்விட்டது.

சின்ன எல்ஈடி புரொஜெக்டர் 60 வாட் அளவு எடுக்கும், ஒரு பெற்றரியும் இன்வெர்ட்டரும் இருந்தால் இரண்டு மூன்று படம் ஓடும். பல்ப் உள்ள அலுவலகப் புரொஜெக்டர் 250 வாட்டுக்கு மேல் எடுக்கும். ஓடும்போது கரண்ட் போனால் உள்ளே ஃபேன் நின்று, பல்ப் சூட்டிலேயே கிடந்து ஆயுள் குறையும். அதோடு கடற்காற்று, மணல், உப்பு. காற்று இழுக்கும் ஃபில்டரை அடிக்கடி துப்புரவாக்காவிட்டால் படத்தில் கறுப்புப் புள்ளி விழத் தொடங்கும்.

கடைசியாக நாங்கள் செய்தது

இரண்டாவது தரம் புதுசு தேடவில்லை. மூடப்போன ஒரு டியூஷன் வகுப்பில் இருந்த பழைய புரொஜெக்டரை 38,000 ரூபாய்க்குப் பேசினோம். வாங்க முதல் மெனுவுக்குள் போய் பல்ப் எத்தனை மணித்தியாலம் ஓடியிருக்கிறது என்று பார்த்தோம். புது பல்புக்கு என்ன விலை என்று விசாரித்தோம். வெள்ளைப் படம் ஒன்றைப் போட்டு, ஒன்பது இடத்தில் அளந்தோம். விற்றவர் எங்களை ஒரு மாதிரித்தான் பார்த்தார். புதுசாக இருக்கும்போது 2700 லூமன், இப்போது அதில் பாதி அளவு. 100 அங்குலத்துக்குத் தாராளம். வயசானவர்கள் எழுந்து நடக்க ஒரு சின்ன லைட்டையும் போட்டு வைக்கலாம்.

புரொஜெக்டருக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தையும் முதலே கணக்குப் பார்த்தோம். அதன் த்ரோ விகிதம் 1.5. 100 அங்குலப் படத்தின் அகலம் 2.2 மீட்டர், 1.5ஆல் பெருக்கினால் 3.3 மீட்டர் தூரம். ஹோல் 12 அடி, மட்டுமட்டாகக் காணும். மேசையை நடுவில் நேராக வைத்தோம். சரிவாக வைத்துவிட்டுக் கீஸ்டோனால் திருத்தினால் புள்ளிகள் வீணாகும். சின்ன யூபிஎஸ் ஒன்று இரவல். சத்தத்துக்குப் ப்ளூடூத் வேண்டாம், வாய் அசைவுக்கும் சத்தத்துக்கும் பொருந்தாது. ஒரு வயர் போதும்.

முதல் நாள் படத்துக்கு முதல், அந்த வீட்டுப் பெரியப்பா மன்னாருக்குப் போய்வந்தபோது ஃபோனில் எடுத்த படங்களைப் போடச் சொன்னார்கள். உம்மும்மா விட்டுவிட்டு வந்த வளவு. ஃபோனில் பல தரம் காட்டியிருக்கிறார்கள், கண் தெரியவில்லை என்று தள்ளிவிடுவாராம். சுவரில் வந்தபோது, கிணறு எந்தப் பக்கம், மாமரம் நின்ற இடம் எது என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். அரை மணித்தியாலம் அது ஓடினது. பக்கத்து வீட்டு மாமிமாரும் வந்து இருந்தார்கள். தியேட்டருக்கு ஒருநாளும் போகாதவர்கள் அதில் மூன்று பேர்.

நாங்கள் தெரிவு செய்துவைத்த படத்தை அன்றைக்குப் போடவில்லை. அடுத்த கிழமை போட்டோம்.